4417-ஆம் நம்பர் நெஞ்சு

17 பிப்ரவரி 1964, திங்கள்

பிரேயர் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் ஏனோக் சார் கூப்பிட்டார். ஏப்ரல் ஏழு வருகிறதாம், உலக சுகாதார தினம். ஊர்வலம், பாட்டு, ஒரு நாடகம். நாடகம் வழக்கம்போல் என் தலையில். கோரமண்டல் கேம்ப் பள்ளிக்கூடத்தில் சரோஜா டீச்சர்தான் நன்றாகத் தமிழ் எழுதுவாள் என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேனே, அதற்குத் தண்டனை.

போன வருஷம் பசி. பசியை ஒழிப்போம் என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் மாரிகுப்பம் வரைக்கும் நடந்தார்கள். ஒருத்தரும் ஒரு பன் வாங்கித் தரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அட்டையோடு மயங்கி விழுந்தது. அதைவிட நல்ல விளம்பரம் யாராலும் செய்திருக்க முடியாது.

இந்த வருஷம் காசநோய். ‘காசநோயோடு சமாதானம் இல்லை’ என்பதுதான் உலகத்துக்கே வாசகமாம். சார் அதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர், பகலில் தூங்க முடியவில்லை.

“இன்னாங்க இது, இன்னும் நிக்கல?”

“பனி ஜாஸ்தி.”

தகரக் கூரை அடுப்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. பனியாம்.

24 பிப்ரவரி

நாடகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காசநோய் அரக்கன் வேஷம்தான் வேண்டுமாம். நுரையீரலாக நிற்க ஒருத்தரும் இல்லை. கடைசியில் என் பெண் செல்வியையே நுரையீரல் ஆக்கினேன். “அரக்கனுக்கு மீச, எனக்கு இன்னா?” என்று அழுகிறாள். உனக்கு மூச்சு இருக்குதுடி என்றேன்.

சாயங்காலம் அவரோடு கடைக்குப் போய்த் திரும்பினேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் லைன் வீடுகளுக்கு வரும் மேட்டில் அவர் நின்று பூட்ஸ் லேஸைக் கட்டினார். கொஞ்ச தூரம் போய் மறுபடி குனிந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை.

லேஸ் அவிழவே இல்லை. நான் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

3 மார்ச்

ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர் ஷாஃப்ட் ஆட்களுக்கெல்லாம் அடுத்த வாரம் நெஞ்சுப் படம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும், நம்பர் கூப்பிடுவார்கள். நெஞ்சில் கல்தூசி தெரிந்தால் ஆளை இனி இறங்கவிடாமல் மேலே போட்டுவிடுவார்கள்.

லைனில் கல்யாணம், காதுகுத்து என்று இருந்தவர்கள்கூட இதைத்தான் பேசுகிறார்கள். மேலே போடுவது என்றால் மற்ற ஊரில் நல்ல வார்த்தை. இங்கே இல்லை. எங்கள் லைனில் வீடு நம்பருக்குச் சொந்தம், நம்பர் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் கீழே இறங்கி வேலை செய்ய ஒரு ஆள் இருக்கும்வரைதான் கூரை. 4417 முதலில் என் மாமனாருடைய நம்பர். கீழே பாறை வெடித்து அவர் போனபோது இவருக்குப் பதினாறு வயது. அப்பாவின் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை இவர் கையில் கொடுத்து இறக்கிவிட்டார்கள்.

அன்றைக்கே மாரிகுப்பம் புத்த விகாரையில் விளக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு ஒரு ஆள் போதும், என் தம்பி கீழே வரமாட்டான் என்று. சித்தார்த்தனை ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடையில் சேர்த்துவிட்டார். இப்போது அவனுக்கு இருபத்தாறு. நல்ல கை. அவன் தைத்த சட்டைதான் இவர் உடம்பில்.

“மேல போட்டுட்டா நம்பர் போச்சு சரோஜா. அப்பறம் யாரு எறங்கணும்? அவன்தான்.”

அவ்வளவுதான் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

8 மார்ச், ஞாயிறு

யோசனை சித்தார்த்தனுடையது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான்.

“வில்லைய எங்கைல குடுண்ணா. உனக்குப் பதிலு நான் போய் நின்னுட்டு வர்றேன்.”

இவர் முதலில் திட்டினார். பிறகு திட்டவில்லை.

அங்கே முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரே காலையில் ஒரு ஷாஃப்டே வந்து நிற்கும். சட்டையைக் கழற்று, பலகையில் மோவாயை வை, மூச்சைப் பிடி, போ. எக்ஸ்ரே ரூமில் சகாயம் வில்லையில் உள்ள நம்பரை மட்டும்தான் பார்ப்பான். அண்ணன் தம்பிக்கு ஒரே ஜாடை வேறு. ஊரில் இதற்கு முன்னால் யாரும் செய்யாத காரியமும் இல்லை.

நான் சொன்னேன். “நெஞ்சுல நோவு இருந்தா தெரியட்டுமே. மருந்து குடுப்பாங்க.”

“கல்லுக்கு இன்னா மருந்து கீது? எங்கப்பாகூட வேல செஞ்சவங்க எத்தினி பேரு போனாங்க, மருந்தா குடுத்தாங்க?”

இவர்தான் கேட்டார். நான் சோற்றை மூடி வைத்தேன். மத்தியானம் உட்கார்ந்து செல்வியின் வசனத்தை எழுதி முடித்தேன். ‘நோயை மறைக்கிறவன் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறான்.’ நன்றாக வந்திருக்கிறது. கை கூசவில்லையா என்று யாராவது கேட்டால், கூசிற்று. எழுதத்தான் எழுதினேன்.

11 மார்ச்

சித்தார்த்தன் போய் நின்றுவிட்டு வந்தான். இவருடைய ஷிப்ட் சட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சகாயம் தலையைத் தூக்கவே இல்லையாம். “பலகை ஜில்லுன்னு இருந்துது அண்ணி” என்றான். கறி எடுத்துச் சமைத்தேன். சிரிப்புச் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

20 மார்ச், வெள்ளி

முடிவு வந்தது. 4417, குறை ஒன்றும் இல்லை.

அவர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லைன் முழுக்கச் சுற்றி வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, “பாத்தியா, ஒண்ணுமில்லன்னு போட்டுட்டாங்க. வெறும் சளிதான்” என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

கடவுளே இல்லாத மதத்தில் பிறந்திருக்கிறேன். இப்போது யாரைக் கூப்பிடுவது?

31 மார்ச்

இன்று சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் துளசிராமன் சகாயத்தை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கண்காட்சிக்கு ஹால் பார்க்க. நல்ல மனிதர், பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுவார், கையில் எப்போதும் டெட்டால் வாசனை. கீழே இப்போது தண்ணீர் விட்டுத்தான் துளை போடுகிறார்கள், தூசி அடங்கிவிட்டது, இனிமேல் யாரும் பயப்பட வேண்டாம் என்பது அவருடைய கட்சி. அதைக் காட்டுவதற்கு ஒரு படம் அகப்பட்டிருக்கிறதாம்.

“பதினெட்டு வருஷம் கீழே இருந்த ஆள், டீச்சர். கண்ணாடி மாதிரி நெஞ்சு! கெட்டுப்போன நெஞ்சு ஒன்றும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் விளக்குப் போட்டு வைக்கப்போகிறோம். ஆளையும் மேடையில் ஏற்றுவோம்.”

“யாரு சார்?” என்று ஏனோக் சார் கேட்டார்.

சகாயம் நம்பரைச் சொன்னான்.

“அட! நம்ம டீச்சர் வீட்டுக்காரர் நம்பராச்சே!”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

7 ஏப்ரல் 1964, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்று நடந்தது நிஜமா என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

ஊர்வலம் காலையில். ‘கண்ட இடத்தில் துப்பாதே’ என்ற அட்டையைப் பிடித்த பையன் வழி நெடுகத் துப்பிக்கொண்டே வந்தான். ஹாலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே இரண்டு கண்ணாடிப் பெட்டி, பின்னால் விளக்கு. இடது பக்கம் யாரோ பேர் தெரியாத ஒருவருடைய நெஞ்சு, சுண்ணாம்பு தெளித்தது போல. வலது பக்கம் சுத்தமான நெஞ்சு. அடியில் அட்டை: ‘நம்பர் 4417. சுரங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள். பீடி இல்லை. கண்ட இடத்தில் துப்புவதில்லை. இவரைப் போல் இருப்போம்.’

சனங்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். சித்தார்த்தனும் வரிசையில் வந்தான். தன் விலா எலும்புகளைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் இருந்தவர், “நகருப்பா, உங்கண்ணன் நெஞ்ச வூட்ல பாத்துக்கோ” என்றார்.

நாடகம் நன்றாக நடந்தது. அரக்கன் மீசை பாதியில் விழுந்தது, கைதட்டல். செல்வி நடுவில் வந்து நின்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னாள்: “நோயை மறைக்கிறவன் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறான்!” முன் வரிசையில் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். நான் திரைக்குப் பின்னால் நின்று திரையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தம்பி தைத்த வெள்ளைச் சட்டை. மாலை. டாக்டர் அவருடைய நெஞ்சில் தட்டி, “இரும்பு!” என்றார். மேடை நான்கு படிதான். அதில் ஏறியதற்கே அவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சனங்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பரிசு என்ன தெரியுமா? மூடி போட்ட எனாமல் எச்சில் படிக்கம். லைனில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கப்போகிறார்களாம், முதலாவது 4417-க்கு. அதைக் கோப்பை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மேட்டில் நான்கு தடவை லேஸ் கட்டினார். நானும் கூட நின்றேன்.

9 ஏப்ரல்

படத்தை இந்த வருஷம் முழுவதும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் விளக்குப் போட்டு வைப்பார்களாம்.

26 மே, பௌர்ணமி

மாரிகுப்பம் விகாரைக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷா வைத்தோம், செல்வியின் கால் வலிக்கு என்று சொல்லி. செல்விக்குக் கால் வலியே இல்லை, ஆனால் சாமர்த்தியமாக நொண்டினாள். குழந்தைக்கும் தெரிந்துவிட்டது.

பஞ்சசீலம் சொன்னார்கள். நான்காவது, பொய் சொல்லாதிருத்தல். வாய் தானாகச் சொன்னது.

27 மே

நேரு போய்விட்டார். ரேடியோக் கடை வாசலில் ஆம்பிளைகள் நின்று அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் வீட்டு அழுகையைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

19 ஜூன், வெள்ளி

ரத்தம்.

படிக்கத்தின் மூடியைத் திறந்து நான்தான் பார்த்தேன். வெள்ளை எனாமலில் அது நன்றாகத் தெரிகிறது. பரிசு கடைசியில் உபயோகத்துக்கு வந்துவிட்டது.

22 ஜூன்

ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதுகிற ஆள் நம்பரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “4417-ஆ? உங்குளுக்கு இன்னா சார், ராஜா நெஞ்சு!” பின்னால் சுவரில் அந்த நெஞ்சு எரிந்துகொண்டிருக்கிறது.

சின்ன டாக்டர் ஒருவர் பார்த்தார். ரத்தம் என்றோம். தொண்டைப் புண்ணாக இருக்கும் என்றார். திரும்பப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். மார்ச்சில்தானே எடுத்தோம், இவ்வளவு நல்ல படம் யாருக்கு வரும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள்.

இவர் அதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அதான் சொன்னேனே, ஒண்ணுமில்ல” என்கிறார். அடப்பாவி மனுசா! அது உன் நெஞ்சு இல்லய்யா. உன் நெஞ்ச இன்னும் யாருமே பாக்கல!

5 ஜூலை

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

“சொன்னீனா நான் செத்தேன்னு வெச்சிக்கோ. ஆள் மாறாட்டம்னு போலீஸ்ல குடுப்பாங்க. என்ன இல்ல, அவன. அவன் கைல விலங்கு போடவா நான் பதினெட்டு வருசம் கீழ எறங்கினேன்?”

இன்னும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் இவரை உட்கார வைத்து இவர் பங்கையும் செய்கிறார்கள்.

14 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு, டாக்டர் துளசிராமன் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் இருக்கிற நெஞ்சு என் கொழுந்தனுடையது. அவன் தையல்காரன். சுரங்கத்தை மேலிருந்துகூட எட்டிப் பார்த்ததில்லை.

கோபப்படுவார், கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார், அங்கே ஒரு கூட்டத்தில் காட்டியாயிற்று, பத்திரிகையில் வரப்போகிறது. இதையெல்லாம் அவராகத்தான் சொன்னார், யாரிடமோ சொல்வது போல.

கடைசியில், “கோலாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் டீச்சர். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு. அங்கே நம்பர் கேட்கமாட்டார்கள்” என்றார்.

வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார். கெட்டவர் என்று திட்டவும் முடியவில்லை. நாங்கள் ஒரு பொய் சொன்னோம், அவர் ஆசை ஆசையாக நம்பினார். இப்போது அவருக்கும் வெளியே வர வழி இல்லை.

20 ஜூலை

கோலார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டாக்டரம்மா கன்னடக்காரர், எனக்குப் புரியட்டும் என்று தமிழும் கலந்து பேசினார். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த படத்தில் நான் ஏப்ரலில் பார்த்த இடது பக்கத்துப் பெட்டி இருந்தது. அதே சுண்ணாம்பு. அதைவிட மோசம்.

கல்லும் இருக்கிறது, அதன் மேல் காசமும் ஏறியிருக்கிறது. கல்லுக்கு மருந்து கிடையாது. காசத்துக்கு இருக்கிறது, ஊசி, மாத்திரை. “மூணு நாலு மாசம் மொதல்ல வந்திருந்தா, கல்லோடயே கொஞ்ச வருஷம் ஓட்டியிருக்கலாம்மா” என்றார். யார் இவரை இவ்வளவு நாள் விட்டது என்று கேட்டார்.

மூன்று நான்கு மாசம் முன்னால். மார்ச். பலகை ஜில்லென்று இருந்த மார்ச்.

சித்தார்த்தனிடம் காசம் என்பதை மட்டும் சொன்னேன், மாசக் கணக்கைச் சொல்லவில்லை. ஆனால் அவன் முட்டாள் இல்லை.

9 செப்டம்பர்

ஷிப்டுக்கு இறங்குகிற கேஜ் கூண்டிலேயே விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். இனி இறங்க முடியாது. வில்லை ஆணியில் தொங்குகிறது.

ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த ஊசியால் காது மந்தமாகிவிட்டது. ஒருவகையில் நல்லது, தன் இருமல் தனக்கே கேட்கவில்லை.

2 நவம்பர்

தீபாவளிக்குத் தைக்க வந்த துணியையெல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு சித்தார்த்தன் வீட்டிலேயே கிடக்கிறான். அண்ணனைச் சுவரில் சாய்த்து உட்கார வைப்பது அவன்தான். படுத்தால் மூச்சு வருவதில்லை. இன்று இவர் தம்பியின் நெஞ்சில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நல்ல நெஞ்சுடா. பத்திரமா வெச்சிக்கோ.”

எழுந்து வெளியே வந்து கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

22 நவம்பர் 1964, ஞாயிறு

காலை ஷிப்ட் சங்கு ஊதும்போது போய்விட்டார். உட்கார்ந்தபடியே.

26 நவம்பர்

நிறையப் பேர் வந்தார்கள். “மேடைல மாலை போட்டாங்களே, இப்பதானே! அந்த நெஞ்சுக்கா இந்த கதி?” என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். படத்தை எல்லாரும் பார்த்தார்கள் இல்லையா, அதனால். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் துளசிராமன் வரவில்லை. பூ மட்டும் அனுப்பியிருந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம், என் மேல் கோபம், செத்தவர்மேல்தான் ஏகக் கோபம். அந்தச் சீட்டை இன்னும் சட்டைப் பையில் வைத்திருந்தார். குறை ஒன்றும் இல்லையாம்!

18 ஜனவரி 1965, திங்கள்

பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். அல்லது நம்பரில் யாராவது இறங்க வேண்டும்.

நான் சொன்னேன், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போய்விடலாம். என் சம்பளம், உன் தையல், மூன்று வயிறு. சாகமாட்டோம்.

சித்தார்த்தன் ஆணியிலிருந்து வில்லையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“கீழ வை அத!” என்று கத்தினேன். “உங்கண்ணன் எதுக்கு செத்தாரு? சொல்லு! எதுக்கு செத்தாரு?”

“எனக்காகத்தான் அண்ணி. அதான் என்னால மேல உக்காந்து துணி வெட்ட முடியல. கத்திரிய எடுத்தா கோடு கோணலா போவுது. என் நெஞ்ச காட்டித்தான அவர கொன்னேன். அதே நெஞ்சு போவட்டும்.”

“நீ கொல்லலடா. நானுந்தான் சட்ட எடுத்து குடுத்தேன்.”

“நீங்க சட்டதான் குடுத்தீங்க.”

விகாரையில் வைத்த வாக்கைச் சொன்னேன். செல்வியை அனுப்பிக் கெஞ்சச் சொன்னேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவன் எனக்குப் பரிமாறிவிட்டு, தானும் சாப்பிடாமல் எழுந்து போனான்.

31 ஜனவரி

ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். அவன் முன்னாலேயே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

12 மார்ச் 1965, வெள்ளி

வேலைக்குச் சேர்கிறவனுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமே. எடுத்தார்கள்.

சாயங்காலம் சகாயம் பள்ளி வாசலில் என்னைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினான். மனசார ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

“சித்தார்த்தன் படம் பாத்தேன் டீச்சர். அண்ணன் நெஞ்சேதான்! அச்சு அசல், ஒரு கோடு மாறல. உங்க வூட்டு ஆம்பளைங்களுக்கே இரும்பு நெஞ்சு.”

அவனுக்கு அதே நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். 4417.

7 ஏப்ரல் 1965, புதன்

இந்த வருஷம் பெரியம்மை. ‘எப்போதும் விழிப்பாயிரு’ என்பது வாசகம். நாடகம் நான்தான் எழுதினேன். போன வருஷத்து அரக்கனுக்கே சிவப்புப் பொட்டு வைத்து மேடையில் ஏற்றிவிட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. செல்வி நடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அட்டை மட்டும் பிடித்தாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பெரியம்மைப் படங்கள் மாட்ட இடம் வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் துளசிராமன் தூரத்தில் என்னைப் பார்த்து, வேறு கதவு வழியாகப் போனார். சகாயம் அந்தப் படத்தை வெளியே எடுத்து, பாய் மாதிரி சுருட்டி, தயங்கித் தயங்கி என்னிடம் நீட்டினான்.

“அவுரு ஞாபகமா வெச்சிக்கிறீங்களா டீச்சர்? தூக்கித்தான் போடப்போறாங்க.”

வேண்டாம் என்றேன். அதற்குச் சொந்தக்காரன் ஷிப்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

சாயங்காலம் நானும் செல்வியும் ஸ்டேஷன் பக்கம் நின்றோம். சித்தார்த்தன் ஷிப்ட் முடிந்து வந்தான். வேலைக்குப் போய்ச் சில வாரம்தான் ஆகிறது. காதிலும் புருவத்திலும் மாவு மாதிரி தூசி. “சித்தப்பா, என் அட்ட பாரு!” என்று செல்வி காட்டினாள். மூன்று பேரும் பேசிக்கொண்டே மேடு ஏறினோம்.

பாதி மேட்டில் அவன் நின்றான். குனிந்து பூட்ஸ் லேஸில் கையை வைத்தான்.

எனக்கு உயிரே போய்விட்டது. செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவன் காலையே பார்த்தோம்.

லேஸ் நிஜமாகவே அவிழ்ந்துதான் இருந்தது. இந்த வருஷம்.